‘டுல்யீ’யைத் தேடினால் கிடைக்குமா? ஸ்காட்ஸ் அகராதித் தளம் பற்றி ஒரு மதிப்பீடு

இராமநாதபுரம் கரையோரத்தில் அடங்காத்தனத்துக்கு ஒரு பெயர் போதாது. சின்னப் பிள்ளை செய்தால் சேட்டை. இளவட்டம் செய்தால் லந்து. கூட்டம் கூடிக் கத்தினால் ரகளை. பிடித்த பிடியை விடாமல் வம்புக்கு நின்றால் அழிச்சாட்டியம். மிரட்டிக் கேட்டால் அடாவடி. கை நீண்டுவிட்டால் கைகலப்பு. இந்த வித்தியாசமெல்லாம் தெரியாத அகராதி எல்லாவற்றுக்கும் ‘சண்டை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். பழைய ஸ்காட்ஸ் பனுவலைத் தமிழாக்க உட்காருபவருக்கு, ஸ்காட்ஸ் மொழிக்கான இணைய அகராதி அப்படிப் போகிறதா, நின்று பார்க்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒரு தெளிவு. ஸ்காட்லாந்தில் பழைய மொழிகள் இரண்டு. ஒன்று கேலிக், அது ஐரிஷ் மொழிக்கு உறவு. மற்றது ஸ்காட்ஸ், அது ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. இந்தத் தளம் ஸ்காட்ஸுக்கு மட்டும். கேலிக் சொல்லைப் போட்டுவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று குறை சொல்லிப் பயனில்லை.

தளத்தின் முகவரி: டிஎஸ்எல் புள்ளி ஏசி புள்ளி யுகே. கட்டணம் இல்லை. 2004-இல் வந்தது. உள்ளே இருப்பவை இரண்டு பெரிய அச்சு அகராதிகள். பழைய ஸ்காட்ஸ் மொழியின் அகராதி 12 தொகுதி. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1700 வரையிலான எழுத்துகளை அது பார்த்துக்கொள்கிறது. ஸ்காட்டிஷ் தேசிய அகராதி 10 தொகுதி. 1700-க்குப் பிந்தைய வழக்கு அதன் பொறுப்பு. இரண்டும் 1931-இல் அச்சேறத் தொடங்கின. தேசிய அகராதி 1976-இல் முடிந்தது. பழையது முடிய 2002 ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-இல் தொடங்கி 1936-இல் ஆறு தொகுதியாக முடிந்ததை நினைத்தால் நம்மவர்கள் சுறுசுறுப்பு. ஆனால் அந்தச் சுறுசுறுப்புக்குக் கொடுத்த விலையும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

சோதனைக்கு எடுத்த சொல் ‘டுல்யீ’. தெருவில் இரு கட்சி மோதிக்கொள்வது, அடிதடி, கலாட்டா என்ற பொருளில் பழைய நகர நீதிமன்றப் பதிவேடுகளில் வரும் சொல். 1785-இல் கவிஞர் பர்ன்ஸ் இரண்டு பாதிரிமார் போட்டுக்கொண்ட சண்டையைக் கேலி செய்து எழுதிய கவிதைக்கு ‘புனித டுல்யீ’ என்றே பெயர் வைத்தார். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்தால் ‘டுல்சி’ என்று வாசிப்பார். நடுவில் இசட் இருப்பதுதான் காரணம். அந்த இசட் உண்மையில் இசட்டே இல்லை.

பழைய ஸ்காட்ஸில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. கிட்டத்தட்ட நம் யகரம். 3 என்ற எண்ணைப் போல வாலோடு இருக்கும். அச்சுக்கூடம் வந்தபோது அந்த எழுத்துக்கு அச்சு இல்லை. பார்வைக்கு நெருக்கமாக இருந்த இசட்டை எடுத்து வைத்தார்கள். அன்றிலிருந்து குழப்பம். மெங்சீஸ் என்று எழுத்தைப் பார்த்து வாசிக்கும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் ‘மிங்கிஸ்’ என்பார்கள். நம் பக்கத்துச் சுவடிகளையெல்லாம் திரட்டிய காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவர் பெயரில் உள்ள இசட்டும் இதே யோக்தான். ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாமல் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. வாசிப்பவர்தான் சூழலைப் பார்த்து எழுத்தை நிரப்ப வேண்டும்.

எனவே தேடும் முறை இப்படி. தேடுபெட்டியில் முதலில் டி, யு, ஐ, எல், ஒய், ஐ, ஈ என்று ஒய் வைத்துப் போடுங்கள். தேசிய அகராதியின் தலைச்சொல் இதுதான். கையில் உள்ள பனுவலில் இசட் இருந்தாலும் ஒய் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. ஐ இல்லாமலும், யு-வுக்குப் பதில் இரண்டு ஓ போட்டும் எழுதியிருப்பார்கள். தலைச்சொல்லுக்கு அடுத்தே இந்த மாற்று வடிவங்கள் வரிசையாக இருக்கும். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மூலப் பனுவலில் அடுத்த தடவை வேறு வேடத்தில் வரும்போது அடையாளம் தெரியும்.

வேறு சில எழுத்து வழக்கங்களும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் டபிள்யூ-எச் என்று தொடங்கும் சொல் பழைய ஸ்காட்ஸில் கியூ-யு-எச் என்று தொடங்கும். இறந்தகால விகுதி ஈ-டி அல்ல, ஐ-டி. உயிரெழுத்துக்குப் பின் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஐ பெரும்பாலும் தனியாக ஒலிக்காது. முன்னால் உள்ள உயிர் நெடில் என்பதற்கான குறி. யு, வி, டபிள்யூ மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். ‘சொல் இல்லை’ என்று தளம் சொன்னால், சொல் இல்லை என்று உடனே நம்பாமல் இந்த நான்கையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முடிவுப் பட்டியலில் இரண்டு அகராதிகளிலிருந்தும் பதிவுகள் வரும். இங்கேதான் பலரும் சறுக்குவது. கையில் உள்ள ஆவணம் 1700-க்கு முந்தையதா, பிந்தையதா என்று பார்த்து அதற்குரிய பதிவை முதலில் திறக்க வேண்டும். 1590-இல் எழுதிய வழக்குப் பதிவுக்கு 19ஆம் நூற்றாண்டுப் பொருளைப் பொருத்தினால் தப்பாகப் போகும். தேசிய அகராதியில் சதுர அடைப்புக்குள் ஒலிப்புக் குறி இருக்கும். பழைய அகராதியில் ஒலிப்பு கிடையாது. பிறகு எண் போட்ட பொருள்கள், ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு வரிசையில் மேற்கோள்கள். சொற்பிறப்பு தேசிய அகராதியில் கடைசியில் வரும், பழையதில் தொடக்கத்திலேயே. ஊர்க் குறிகளும் வரும்: அபெர்டீன், ஏர், ஃபைஃப், ஷெட்லாந்து என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சுருக்கம். கத்தி போன்ற குறி இருந்தால் வழக்கொழிந்தது என்று பொருள்.

ஆண்டுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தை அலட்சியம் செய்யக்கூடாது. சி என்றால் ‘ஏறத்தாழ’, ஏ என்றால் ‘அதற்கு முன்’. நூல் எழுதப்பட்ட காலமும் நமக்குக் கிடைத்த படியின் காலமும் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. பார்பர் என்ற கவிஞர் மன்னர் புரூஸைப் பாடிய காவியம் 1375 வாக்கில் எழுந்தது. கிடைக்கும் கையெழுத்துப் படிகள் 1487, 1489 ஆண்டுகளுக்குரியவை. அங்கே காணும் எழுத்துக்கூட்டல் படியெடுத்தவருடையது.

இந்தத் தளத்தின் பலமே மேற்கோளும் ஆண்டும்தான். நம் பேரகராதி சான்று நூலின் பெயரைச் சொல்லும், ஆண்டு சொல்லாது. யாழ்ப்பாணச் சொல்லுக்குத் தனிக் குறி இடும். ஆனால் எத்தனையோ சொற்களுக்கு ‘வட்டார வழக்கு’ என்று மட்டும் போட்டு, எந்த வட்டாரம் என்று சொல்லாமல் விடும். முன்பு சொன்ன விலை இதுதான். ஒரு சொல் எப்போது கொச்சையானது, எப்போது கௌரவம் பெற்றது என்பதை ஸ்காட்ஸ் அகராதியில் கோடு போட்டாற்போலப் பார்க்க முடிகிறது.

சொற்பிறப்புப் பகுதி தரமானது. டுல்யீ பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. இன்றைய பிரெஞ்சில் அதன் வாரிசு சொல்லுக்குக் கிண்டுதல், கலக்குதல் என்று பொருள். இன்னும் மேலே போனால் இலத்தீனில் ஒலிவக்காய் நசுக்கும் சிறு பொறிக்கு உள்ள பெயரில் முடிகிறது. நம் செக்குக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம். ஆங்கிலத்தில் கடும் உழைப்பைக் குறிக்கும் ‘டாய்ல்’ இதே கிளையில் பிறந்தது. அதுவும் முதலில் சண்டை சச்சரவைத்தான் குறித்தது. ஒரே தாய் பெற்ற இரண்டில் ஒன்று ஆங்கிலத்தில் உழைக்கப் போனது, மற்றது எடின்பரோ தெருவில் அடிதடிக்குப் போனது.

தமிழில் இதற்கு எதைப் போடுவது? கைகலப்பு. கலத்தல் என்ற வினை உள்ளே இருப்பதால் மூலத்தின் படிமமும் தப்பாமல் வந்துவிடுகிறது. குழப்படி என்ற சொல்லும் ஆசை காட்டும். குழப்பு என்ற வினையிலிருந்து அடங்காத்தனத்துக்கு வந்த, கிட்டத்தட்ட இதே பயணம் செய்த சொல். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஈழத்தவர் பேச்சு காதில் விழுந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் ஈழ வழக்கில் ‘குழப்படி செய்யாதே’ என்பது பெரும்பாலும் பிள்ளைகளை அதட்டும் சொல். வாளெடுத்து மோதிய இரு குடும்பத்தாருக்கு அதைப் போட்டால் படிப்பவர் சிரித்துவிடுவார்.

அடுத்து ‘ராண்டி’. இன்றைய ஆங்கிலத்தில் அது காமத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்ஸில் தலைகாட்டியபோது அதட்டிப் பிச்சை கேட்கும் முரட்டு யாசகனைச் சொல்ல வந்தது; பிறகு ஆர்ப்பாட்டம், வாய்த்துடுக்கான பெண் என்றெல்லாம் விரிந்தது. காமப் பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஏறிய சரக்கு. அடாவடி யாசகம் ஸ்காட்லாந்தில் பழைய தலைவலி: வீடு புகுந்து வலுக்கட்டாயமாகச் சோறும் இடமும் வாங்குபவர்களை ஒடுக்க 1449-இலேயே சட்டம் போட்டார்கள். ஆகவே பழைய பனுவலில் ராண்டி வந்தால் ‘அடாவடி’ என்று போடுங்கள், பொருள் சரியாக உட்காரும். இந்தியில் உள்ள வசைச்சொல் காதில் ஒலித்து இரண்டையும் முடிச்சுப் போடத் தூண்டும். தொடர்பு கிடையாது. லந்து என்ற சொல்லுக்கும் டச்சுக்காரரைக் குறிக்கும் லந்தாவுக்கும் ஒலி ஒத்திருப்பதை வைத்தே கதை கட்டுவது போன்றது அது.

பொருள் தடம் புரள்வது நமக்கும் பழக்கம்தான். அட்டகாசம் வடமொழியில் வெறும் பெருஞ்சிரிப்பு. தமிழில் அராஜகம் ஆகி, இன்று ‘படம் அட்டகாசம்’ என்று பாராட்டாகிவிட்டது.

‘ஸ்ட்ராமாஷ்’ எளிது: ரகளை. கோல் கம்பத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கும்போது வர்ணனையாளர் ஆர்தர் மாண்ட்ஃபோர்ட் தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லியே அதைக் கால்பந்துச் சொல்லாக்கிவிட்டார்.

குறைகளும் உண்டு. பழைய அகராதியின் முன் எழுத்துகள் குறைந்த தரவோடு, சுருக்கமாகத் தொகுக்கப்பட்டவை. பின் எழுத்துகள் விரிவானவை. டுல்யீ பின்பகுதியில் வருவதால் தப்பித்தது. ஏ, பி, சி-யில் தொடங்கும் சொற்களுக்கு அதே செழிப்பை எதிர்பார்க்க வேண்டாம். தேசிய அகராதி 1976-இல் முடிந்ததால் நகரத்துப் புதுப் பேச்சு மெலிவாகவே இருக்கிறது; 2005-இல் சேர்த்த பின்னிணைப்பு ஓரளவு ஈடு செய்கிறது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். மேற்கோள்களுக்கு ஆங்கில உரை கிடையாது என்பதால் புதியவர் திணறுவார். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைத் தட்டிவிட்டுத் தமிழில் படிக்க நினைக்காதீர்கள்; ஸ்காட்ஸ் வரிகளைத் தப்பான ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு எதையோ உளறும்.

கைபேசியில் திறந்தால் நீண்ட பதிவுகளில் எண்ணும் கிளை எண்ணும் கலந்து, எந்த மேற்கோள் எந்தப் பொருளுக்கு என்பது கண்ணுக்குத் தப்பும். கணினித் திரை நல்லது. அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே தொகுதியாக உள்ள சுருக்க அகராதி இருக்கிறது. 1985-இல் முதல் பதிப்பு, 2017-இல் இரண்டாம் பதிப்பு. அதில் மேற்கோள் வரிகள் இல்லை, காலக் குறிப்பு மட்டுமே. ஒரு சொல்லுக்கு எந்த ஊரில் எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று முடிவுசெய்ய மேற்கோள் வரிதான் உதவுகிறது என்பதால், பணம் போட்டு அதை வாங்குவதை விட இலவசத் தளத்தில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வதே இந்த வேலைக்கு ஏற்றது.