கொலம்பஸும் இண்டியானாபொலிஸும்: மக்கள்தொகைப் பந்தயத்தின் உள்கணக்கு

அமெரிக்காவின் நடுமேற்கில் எந்த ஊர் வளர்கிறது என்று பேச்சு எழுந்தால், ஒஹாயோவின் கொலம்பஸையும் இண்டியானாவின் இண்டியானாபொலிஸையும் மோதவிடாமல் அந்தப் பேச்சு முடிவதில்லை. சிகாகோ தனி ரகம், அதை யாரும் இந்த ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. டெட்ராய்ட், கிளீவ்லாந்து, செயின்ட் லூயிஸ் மூன்றும் 1950-க்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்ட மக்களை இழந்தவை. ஏறுமுகத்தில் இருந்துகொண்டு ஒரே எடையில் மோதுவது என்று பார்த்தால் இந்த இரண்டுதான்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை. மாநிலத் தலைநகருக்காகவே, மாநிலத்தின் நடுவில், தட்டையான நிலத்தில் திட்டம் போட்டு எழுப்பியவை: கொலம்பஸ் 1812, இண்டியானாபொலிஸ் 1821. இரண்டிலும் பெரிய கப்பல் ஓடும் ஆறு கிடையாது. இடையே ஐ-70 நெடுஞ்சாலையில் சுமார் 175 மைல். புறநகர்களைச் சேர்த்த மெட்ரோ கணக்கில் 2020-இல் இரண்டுமே 21 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தன. இவ்வளவு நெருக்கமான ஜோடி ஒப்பீட்டுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

முதலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண். 2010 கணக்கெடுப்பில் இண்டியானாபொலிஸ் 8,20,445, கொலம்பஸ் 7,87,033. பத்தாண்டு கழித்து நிலைமை தலைகீழ்: கொலம்பஸ் 9,05,748, இண்டியானாபொலிஸ் 8,87,642. அதாவது ஒன்று 15 விழுக்காடு வளர்ந்திருக்கிறது, மற்றது 8. அதற்குப் பிறகான மதிப்பீடுகளிலும் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது; 2024-இல் கொலம்பஸ் 9.3 லட்சம், இண்டியானாபொலிஸ் 8.9 லட்சம். ஒஹாயோக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் இதுதான்.

இப்போது மெட்ரோ எண்ணைப் பாருங்கள். அதே 2010–2020 காலத்தில் இரண்டு மெட்ரோக்களும் ஏறக்குறைய 12 விழுக்காடு வளர்ந்தன. வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஊர் எல்லைக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு, எல்லையைத் தாண்டிப் பார்த்தால் காணவில்லை. அது எங்கே போனது என்று தெரிய, அந்த எல்லைக்கோடுகள் வந்த கதைக்குள் போக வேண்டும்.

குழாய் போட்ட கோடு, சட்டம் போட்ட கோடு

1950-இல் கொலம்பஸ் சுமார் 40 சதுர மைல் பரப்பில் 3.76 லட்சம் பேர் வாழ்ந்த நடுத்தர ஊர். 1954-இல் மேயரான ஜாக் சென்சன்பிரென்னர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: குடிநீரும் கழிவுநீரும். சுற்றுவட்டாரத்தில் புதிதாக வீட்டுமனை போடுகிறவர்களுக்கு இரண்டையும் தரக்கூடிய அளவுக்கு ஏற்பாடு கொலம்பஸிடம்தான் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் நிலம் ஊரோடு இணைய வேண்டும், இதுதான் பேரம். அந்தப் பேரத்தை அடுத்தடுத்து வந்தவர்களும் தொடர்ந்ததால் இன்று ஊரின் பரப்பு சுமார் 220 சதுர மைல். பெக்ஸ்லி, அப்பர் ஆர்லிங்டன் போன்ற பழைய புறநகர்கள் கொலம்பஸுக்கு நடுவே தீவுகளாக மாட்டிக்கொண்டன. ஊர் எல்லை ஃபிராங்க்ளின் கவுன்டியை (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) தாண்டி டெலவேர், ஃபேர்ஃபீல்ட் கவுன்டிகளுக்குள்ளும் நீள்கிறது. வடக்கே போலாரிஸ் பக்கம் ஷாப்பிங் போகிறவர்கள் பலர் கொலம்பஸை விட்டு வெளியே வந்துவிட்டதாகவே நினைக்கிறார்கள்; இன்னும் ஊருக்குள்தான் இருக்கிறார்கள்.

இண்டியானாபொலிஸ் இதையே ஒரே வீச்சில் செய்தது. மேயர் ரிச்சர்ட் லூகர் முன்னின்று கொண்டுவந்த 'யூனிகவ்' சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊரையும் மேரியன் கவுன்டியையும் ஒன்றாக்கிய சட்டம் அது. மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் இல்லை, மாநில சட்டமன்றம் நிறைவேற்றியதோடு சரி. 1960-இல் 4.76 லட்சமாக இருந்த ஊர் 1970-இல் 7.45 லட்சம் ஆனது. ஸ்பீட்வே, லாரன்ஸ், பீச் குரோவ், சவுத்போர்ட் என்ற நான்கு சிற்றூர்கள் மட்டும் தனி அந்தஸ்தோடு நின்றன. பள்ளி மாவட்டங்களைத் தொடவே இல்லை. புறநகர் வெள்ளையர் வாக்குகள் மேயர் தேர்தலுக்குள் வந்தன, ஆனால் அவர்களுடைய பள்ளிகள் நகரப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. கறுப்பின வாக்காளர்களின் பலம் கரைந்தது இதன் பக்கவிளைவா, நோக்கமா என்ற வாதம் அங்கே இன்னும் தீரவில்லை.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு: குழாய் இன்னும் நீளும், சட்டம் 1970-இலேயே நின்றுவிட்டது. மேரியன் கவுன்டி எல்லைதான் இண்டியானாபொலிஸின் சுவர். வடக்கே ஹாமில்டன் கவுன்டி 2000-இல் 1.83 லட்சம், 2020-இல் 3.47 லட்சம். அங்குள்ள புறநகர்களான கார்மெல், ஃபிஷர்ஸ் இரண்டும் தலா ஒரு லட்சத்தை நெருங்கின. இதில் ஒரு தலைகூட இண்டியானாபொலிஸ் கணக்கில் வராது. கொலம்பஸுக்கு வடக்கே டெலவேர் கவுன்டியும் அதே இருபதாண்டில் 1.1 லட்சத்திலிருந்து 2.14 லட்சமாகப் பெருகியது. ஆனால் அதில் ஒரு பங்கு கொலம்பஸ் எல்லைக்குள்ளேயே விழுகிறது. பந்தயத்தில் கொலம்பஸ் முந்தியதன் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு.

நம்மவர்கள் நிலவரமும் இதையே காட்டுகிறது. ஐடி வேலைக்கு வந்து "கொலம்பஸில் இருக்கேன்" என்று ஊருக்குச் சொல்கிறவர் வீடு அதன் புறநகர்களான டப்ளினிலோ பவலிலோ இருக்கும். "இண்டி" என்பவர் வீடு கார்மெலிலோ ஃபிஷர்ஸிலோ.

அடர்த்தி என்ற சங்கடம்

'வளரும்' ஊர்களையும் 'தேயும்' ஊர்களையும் ஒரு சதுர மைலுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் படம் மாறுகிறது. 2020 கணக்கில் இண்டியானாபொலிஸ் ஏறத்தாழ 2,450. கொலம்பஸ் 4,100. மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைய மக்களைப் பறிகொடுத்த டெட்ராய்ட் 4,600. 9.15 லட்சத்திலிருந்து 3.73 லட்சத்துக்கு இறங்கிய கிளீவ்லாந்து 4,800. 1876-இல் தன் கவுன்டியிலிருந்து பிரிந்து 62 சதுர மைலுக்குள் முடங்கிய செயின்ட் லூயிஸ் 4,900. 'செத்த ஊர்கள்' என்று கேலிக்கு ஆளாகும் மூன்றும், கொண்டாடப்படும் இரண்டையும்விட இன்றும் நெருக்கமாக வாழ்கின்றன.

கிளீவ்லாந்து செய்த தப்பு, சுற்றியுள்ள புறநகர்களை இணைக்க முடியாமல் போனது. இண்டியானாபொலிஸின் பழைய நடுப்பகுதியான சென்டர் டவுன்ஷிப்பை மட்டும் தனியே எடுங்கள்: சுமார் 42 சதுர மைல், 1950-இல் 3.37 லட்சம் பேர், 2010-இல் 1.43 லட்சம். டெட்ராய்ட் பாணிச் சரிவுதான். கொலம்பஸின் 1950 எல்லைக்குள்ளும் பல பத்தாண்டுகள் மக்கள் குறைந்துதான் வந்தார்கள். விளிம்பில் சேர்ந்தவர்கள் நடுவில் போனவர்களை மறைத்தார்கள், அவ்வளவே.

பணம் எந்தப் பக்கம் பாய்கிறது

பலரும் கவனிக்காத இடம் இது, எனக்கு மிகவும் சுவாரஸ்யமான இடமும் இதுதான். ஒஹாயோவில் நகர வருமான வரி வேலை பார்க்கும் ஊருக்குச் சேரும். கொலம்பஸில் அது 2.5 விழுக்காடு. பவலில் குடியிருந்து கொலம்பஸ் டவுன்டவுனில் வேலை பார்ப்பவர் கொலம்பஸுக்கு வரி கட்டுகிறார். இண்டியானாவில் கவுன்டி வருமான வரி குடியிருக்கும் கவுன்டிக்குப் போகிறது. கார்மெலிலிருந்து தினமும் இண்டியானாபொலிஸ் அலுவலகத்துக்கு வருபவர் மேரியன் கவுன்டியின் சாலையைத் தேய்த்துவிட்டு, வரியை ஹாமில்டன் கவுன்டிக்குக் கட்டுகிறார்.

அதோடு இண்டியானா தன் அரசமைப்பிலேயே சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. சொந்த வீட்டுக்கு மதிப்பில் ஒரு விழுக்காடு. மாநிலம் சாலைப் பணத்தைப் பிரித்த சூத்திரமும் நீண்டகாலம் ஆறு வழிச் சாலையையும் இரண்டு வழிச் சாலையையும் ஒரே மைலாகத்தான் எண்ணியது. வசந்தம் வந்தால் இண்டியானாபொலிஸ் தெருக்களில் குழி நிறைந்திருப்பதற்கு மேயர்களைத் திட்டுபவர்கள் இந்தச் சூத்திரத்தையும் சேர்த்துத் திட்டலாம்.

கொலம்பஸ் முறைக்கும் ஓட்டை உண்டு. புறநகர் வீட்டிலிருந்தே வேலை செய்தால் அந்த நாள்களின் வரி கொலம்பஸுக்குச் சேராது. டவுன்டவுன் அலுவலகம் காலியாக இருந்தால் ஒஹாயோவில் நகராட்சிக்கே நேரடி அடி. ஆனாலும் பெரிய கணக்கில், வேலைவாய்ப்பு பெருகினால் கருவூலம் பெருகும் ஊர் கொலம்பஸ். இண்டியானாபொலிஸுக்கு அந்தப் பாக்கியம் பாதிதான்.

டவுன்டவுனில் யார் கை ஓங்கியது?

பணம் குறைந்த ஊர்தான் டவுன்டவுனைச் சிறப்பாகக் கட்டியது என்பது வேடிக்கை. இண்டியானாபொலிஸ் 1980-களில் விளையாட்டைப் பிடித்துக்கொண்டது. உள்ளூர்த் தலைவர்கள் முடிவெடுக்க, லில்லி மருந்து நிறுவனக் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணம் கைகொடுத்தது. அணியே கையில் இல்லாதபோது ஹூசியர் டோம் அரங்கத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1984 மார்ச்சில் ஒரே இரவில் பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி லாரிகளில் வந்து இறங்கியது. 1987-இல் பான் அமெரிக்க விளையாட்டுகள், பிறகு கல்லூரி விளையாட்டுகளின் தலைமையகம், 2012-இல் சூப்பர் பவுல். அரங்கம், மாநாட்டு மையம், ஹோட்டல்கள் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் அமைந்தன. 2013-இல் முடிந்த எட்டு மைல் கல்ச்சுரல் டிரெயில் நடைபாதை இவற்றையெல்லாம் கோர்த்தது. மாஸ் அவென்யூவில் பழைய கோகோ கோலா பாட்டில் ஆலை ஹோட்டலும் திரையரங்கும் கடைகளுமாக மாறியிருப்பதைப் பார்த்தால், இடிக்காமல் கட்டுவது எப்படி என்று தெரியும்.

கொலம்பஸ் டவுன்டவுன் அலுவலகம் முடிந்தால் வெறிச்சோடும் என்பது பழைய புகார். 1989-இல் திறந்த சிட்டி சென்டர் மால் 2009-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது; அங்கே இப்போது பூங்கா. இண்டியானாபொலிஸின் சர்க்கிள் சென்டர் மால் 1995-இல் வந்து இன்னும் கொஞ்சகாலம் தாக்குப்பிடித்தது, கடைசியில் அதற்கும் அதே நோய்தான். ஆற்றைக் கையாண்டதில் மட்டும் கொலம்பஸ் ஒரு படி மேலே. 2013-இல் சயோட்டோ ஆற்றின் குறுக்கே இருந்த பழைய தடுப்பணையை எடுத்தார்கள், ஆறு ஒடுங்கியது, கரையில் 33 ஏக்கர் புது நிலம் பூங்காவாகக் கிடைத்தது. எதிர்க்கரை ஃபிராங்க்ளின்டன் 1913 வெள்ளத்தில் மூழ்கிய பகுதி. 2004-இல் வெள்ளத்தடுப்புச் சுவர் முடியும்வரை அங்கே புதிதாகக் கட்டுவதற்கு ஏகப்பட்ட தடை. முடிந்த பிறகுதான் அபார்ட்மென்ட்கள் எழும்பின.

டவுன்டவுனைவிட கொலம்பஸின் உண்மையான முதுகெலும்பு ஹை ஸ்ட்ரீட். டவுன்டவுனிலிருந்து ஷார்ட் நார்த் வழியாக ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம்வரை கடைகளும் மக்களுமாக நீளும் தெரு. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஊருக்குள்ளேயே படிக்கிறார்கள். இண்டியானாவின் இரண்டு பெரிய பல்கலைக்கழக வளாகங்கள் புளூமிங்டன், வெஸ்ட் லாஃபயெட் என்ற வேறு ஊர்களில் இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளையை ஊருக்கு இழுக்க இண்டியானாபொலிஸ் தனியாக மெனக்கெட வேண்டும். கொலம்பஸில் பிள்ளை ஏற்கெனவே வாடகை வீட்டில் இருக்கிறது.

வயல்வெளியில் வரும் பெரிய கனவுகள்

இரண்டு ஊர்களின் பெரிய முதலீடுகளும் ஊருக்கு வெளியேதான். 2022 ஜனவரியில் இன்டெல் நியூ ஆல்பனிக்கு அருகே லிக்கிங் கவுன்டியில் 20 பில்லியன் டாலரில் சிப் ஆலைகளை அறிவித்தது. முதலில் சொன்ன ஆண்டு 2025; இப்போது முதல் ஆலைக்கே 2030–31 என்கிறார்கள். அதற்குள் அதே நியூ ஆல்பனி வட்டாரத்தில் டேட்டா சென்டர்கள் குவிந்து, மின்சாரத்துக்கு நெருக்கடி வந்தது. இண்டியானா பக்கம் லெபனான் என்ற சிற்றூரில் மாநில அரசே நிலம் வாங்கி உருவாக்கிய 'லீப்' வளாகத்தில் லில்லியின் மருந்து ஆலைகள் எழும்புகின்றன. அங்கே தகராறு தண்ணீருக்கு: வாபாஷ் ஆற்றோரம் இருந்து குழாயில் கொண்டுவரும் யோசனைக்கு அந்தப் பகுதி மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆளுக்கு ஒரு குறை. ஆனால் சொன்னதைக் கட்டிக்கொண்டிருப்பது லில்லி, தேதியைத் தள்ளிக்கொண்டிருப்பது இன்டெல்.

போக்குவரத்தில் இரண்டும் பாஸ் மார்க்குக்குக் கீழே. இண்டியானாபொலிஸ் 2019-லேயே ரெட் லைன் விரைவுப் பேருந்தை ஓட்டியது. லைட் ரயில் வேண்டுமென்றால் மாநிலச் சட்டமே தடை. கொலம்பஸில் 1979-க்குப் பிறகு பயணிகள் ரயிலே கிடையாது. 2024 நவம்பரில் அரை விழுக்காடு விற்பனை வரிக்கு வாக்காளர்கள் சம்மதித்ததால் விரைவுப் பேருந்துத் தடங்கள் வரப்போகின்றன. அதே ஆண்டு முக்கியச் சாலைகளின் சோனிங் விதிகளை (எங்கே என்ன கட்டலாம் என்ற விதிகளை) தளர்த்தி உயரமான அபார்ட்மென்ட்களுக்கு வழிவிட்டார்கள். நாற்பது சதுர மைல் ஊரை விரித்தே பழகியவர்கள், முதல்முறையாக உள்ளே நெருக்கிக் கட்ட முடிவெடுத்திருக்கிறார்கள். மற்ற அறிவிப்புகள் எல்லாவற்றையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பத்தாண்டுக்கு ஒரு பக்கம் பந்தயம் கட்டு என்றால் கொலம்பஸ்தான். வரி வருகிறது, பல்கலைக்கழகம் உள்ளே இருக்கிறது, கட்டவும் அனுமதி வந்துவிட்டது. வெளியூரிலிருந்து விருந்தினர் வந்து இரண்டு நாள் நடந்து பார்க்க ஊர் கேட்டால் இண்டியானாபொலிஸுக்கு அனுப்புவேன். 2030 கணக்கெடுப்பில் கொலம்பஸ் பத்து லட்சத்தைத் தொட்டாலும் தொடலாம். அப்படி நடந்தால் நான் முதலில் தேடப்போவது 1950-இன் பழைய எல்லைக்குள் எத்தனை பேர் கூடினார்கள் என்ற எண்ணைத்தான்.