லர்ச்சர்களோடு பதினோரு வருடம்: வேகம் பெரிதா, வேலை பெரிதா?

இங்கிலாந்தில் நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் இடத்தில் பிரெக்லேண்ட் என்று ஒரு மணல் பூமி இருக்கிறது. முயலுக்குப் பேர்போன ஊர். நார்மன்கள் கொண்டுவந்த முயலை இங்கே மடத்துத் துறவிகள் இறைச்சிக்கும் தோலுக்குமாகப் பண்ணை போட்டு வளர்த்தார்கள். தெட்ஃபோர்டு பக்கம் 1400-ஐ ஒட்டிக் கட்டிய முயல் காவல்காரர் வீடு இன்னும் நிற்கிறது. குளிர்கால பார்லி முளைக்கும்போது வேலியோரம் முழுக்க மொட்டையடிப்பவை அந்த முயல்களின் வாரிசுகள்தான். அதைக் குறைத்துத் தரச் சொல்லி ஒரு பண்ணைக்காரர் எனக்கு எழுத்தில் அனுமதி கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று நாய்களோடு வேலை பார்த்துவிட்டேன்.

லர்ச்சர் என்கிற வேட்டை நாய் தனி இனம் கிடையாது. நாய் இனங்களைப் பதியும் கென்னல் கிளப்பின் இனப் பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி போன்ற பார்வையால் துரத்தும் நாயை, கோலி என்கிற ஆட்டுமந்தை நாய் அல்லது டெரியர் போன்ற வேலை நாயோடு சேர்த்துப் பெறுவது லர்ச்சர். இரண்டு பக்கமும் ஓட்டக்கார நாயாகவே இருந்தால் அதை லாங்டாக் என்பார்கள். ஓட்டம் ஒரு பக்கத்திலிருந்தும் புத்தி இன்னொரு பக்கத்திலிருந்தும் வர வேண்டும் என்பதுதான் கணக்கு. எதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிப்பிப்பாறை நாய் என்றால் "என்ன ஓட்டம் ஓடும்?" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. அதே கேள்வியோடுதான் இங்கேயும் முதல் நாயை வாங்கினேன். கிரேஹவுண்டுக்கும் விப்பெட்டுக்கும் பிறந்த லாங்டாக், 26 அங்குல உயரம். செவலை என்று பேர் வைத்தேன். அவன் ஓடும்போது நான்கு காலும் தரையை விட்டு மேலே நிற்கும் நொடி ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முதல் பருவத்தில் பையில் விழுந்த முயல்கள் மிகக் குறைவு. ஒரு ஓட்டத்தை மட்டும் சொல்கிறேன். பார்லி வயலில் வேலியிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒரு முயல் மேய்கிறது. எனக்கும் அதற்கும் 30 மீட்டர். செவலையை விட்டேன். மூச்சு விடுவதற்குள் முயலின் முதுகுக்கு மேலேயே போய்விட்டான். முயல் ஒரு பக்கமாக வெட்டியது, அவ்வளவுதான். இவன் வந்த வேகத்தில் பத்து மீட்டர் தாண்டிப் போய்ச் சறுக்கித் திரும்புவதற்குள் வெள்ளை வால் வேலிக்குள் மறைந்துவிட்டது. அடுத்த முயலும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முயல் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் ஓடும், அதாவது நொடிக்குப் பதினோரு மீட்டர். உடனே நேராக வேலிக்குக் கிளம்பினால் 40 மீட்டர் போக அதற்கு நாலு நொடி கூட வேண்டாம். அதற்குள் நாய் 70 மீட்டர் கடக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி நாலு நொடியில் 70 மீட்டர் என்றால் பந்தயக் கிரேஹவுண்டுக்கே ஆகாது. உச்ச வேகம் 60-க்கு மேல் இருந்தாலும் அதை எட்டவே நேரமும் தூரமும் வேண்டுமே! ஆனால் நானும் நாயும் சத்தமில்லாமல் காற்றுக்கு எதிராக நடந்து, அந்த இடைவெளியை 15 மீட்டராகக் குறைத்துவிட்டால் கணக்கு கொஞ்சம் நாய்ப் பக்கம் சாயும். இன்னும் நல்லது, நாய் நேரே விரட்டாமல் முயலுக்கும் வேலிக்கும் நடுவில் போய் நிற்பது. இந்த இரண்டும் வேகத்தால் வருவதில்லை. 2005-ல் நின்றுபோன வாட்டர்லூ கோப்பை என்கிற, காட்டு முயலை நாய்கள் விரட்டும் பந்தயத்தில்கூட, முந்திப்போன நாய்க்கு மட்டுமல்ல, முயலைத் திருப்பிய நாய்க்கும் புள்ளி உண்டு.

செவலையின் காலையும் சொல்ல வேண்டும். பிரெக்லேண்ட் மணலுக்குள் சிக்கிமுக்கிக் கல் நிறையக் கிடக்கும். உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கனத்த நாய் முழு வேகத்தில் திரும்பும்போது முன்னங்காலின் பின்புறம் மேலே இருக்கிற சின்ன மெத்தைதான் பிரேக். இரண்டாவது வருடம் ஜனவரியில் அது பாதி கிழிந்து தொங்கியது. அடுத்த வருடம் ஒரு விரல் எலும்பு முறிந்தது. இந்த வகை நாய்க்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. சில மயக்க மருந்துகள் தெளிய வழக்கத்தைவிட நேரமாகும். வைத்தியரிடம் போனவுடன் அதைச் சொல்லிவிடுங்கள். செவலை நாலு வயதுக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவனை நான் ஓட்டிய விதத்தில்தான் தப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது குருவி. பெட்லிங்டன் டெரியருக்கும் விப்பெட்டுக்கும் பிறந்தவள், 20 அங்குலம்தான். ரோமம் சுருள்சுருளாக, நனைந்த கம்பளி மாதிரி இருப்பாள். நேர் ஓட்டத்தில் செவலை இவளைப் பாதி வயலில் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

ஆனால் முயல் வளைக்கு முன்னால் இவள் நிற்பதைப் பார்க்க வேண்டும். பகலில் நாங்கள் ஃபெரெட் வைத்து வேலை செய்வோம். கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணி அது. வளையின் ஒவ்வொரு வாயிலும் சுருக்கு வலை போட்டுவிட்டு ஃபெரெட்டை உள்ளே அனுப்பினால் முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். எந்த வளையில் முயல் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது நாய். குருவி காலியான வளையை ஒரு முறை மோந்துவிட்டுத் தாண்டிப் போவாள். ஆள் இருந்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மூச்சைக்கூட அடக்கி நிற்பாள். வால் அசையாது. ஒரு நாள் வாயில் முழுக்கச் சிலந்திக்கூடு படிந்திருந்த வளை முன்னால் அப்படி நின்றாள். பழைய வளை என்று நான் அவளை இழுத்தேன், நகர மாட்டேன் என்றாள். சரி என்று வலை போட்டேன். ஐந்து முயல். மறுபக்கம் புதருக்குள் இன்னொரு வாயில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் அவளிடம் எதிர்த்துப் பேசுவதில்லை.

இரவு வேலை வேறு மாதிரி. நிலவில்லாத, காற்றடிக்கிற இரவில் விளக்கடித்து ஓட்டுவதை இங்கே லாம்பிங் என்பார்கள். வெளிச்சம் பட்டதும் சில முயல்கள் அப்படியே பதுங்கும். முதல் இரண்டு பருவம் குருவியும் விளக்கு வெளிச்சத்தில் நேராகத்தான் ஓடினாள். மூன்றாவது பருவத்தில் தானாகவே வெளிச்சத்தை விட்டு இருட்டில் வளைந்து போய், வேலிப் பக்கமிருந்து உள்ளே வரக் கற்றுக்கொண்டாள். பிடித்த முயலை உயிரோடு, தோலில் பல் பதியாமல் என் கையில் கொண்டுவந்து தருவாள். கழுத்தை முறித்து ஒரு நொடியில் முடித்துவிடலாம், முயல் கிடந்து துடிக்காது. நாயைப் பழக்குகிறவர்கள் இதைக் கடைசியில் வைக்காதீர்கள். மூன்று மாதக் குட்டியிலேயே உருட்டிய காலுறையை வைத்து ஆரம்பியுங்கள்.

குருவிக்கும் குறை உண்டு. பீட் கிழங்கு அறுவடையான பெரிய வெட்டவெளியில் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. நூறு மீட்டர் தள்ளி மேய்கிற முயல் கிளம்பினால், வளை வாயில் ஒரு முழ தூரத்தில் அவளைத் தோற்கடித்துவிடும். அப்படித் தோற்றுவிட்டு வளை முன்னால் மூச்சு வாங்க நிற்கும்போது பார்க்கவே பாவமாக இருக்கும். எத்தனை புத்தி இருந்தாலும் இந்தக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். அது இல்லாத நாய்க்கு முயல் வேலை கொடுக்காதீர்கள்.

அதனால்தான் மூன்றாவதாக ராணி வந்தாள். முக்கால் கிரேஹவுண்ட், கால் பார்டர் கோலி, 24 அங்குலம். செவலையின் வேகம் இவளிடம் இல்லை, குருவியின் மூக்கும் இல்லை. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கூடவே கோலி தந்த ஒன்று: சொன்னால் கேட்பாள். ஆடு, கோழி பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் கோலி ரத்தம் மெதுவாகத்தான் பக்குவப்படும். ஒன்றரை வயது வரை இவள் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிக்க முடியாது என்று முடிவுசெய்த முயலைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். முதலில் கோபம் வந்தது. இப்போது அவள் கணக்கு பெரும்பாலும் சரியாக இருப்பது தெரிகிறது.

சொன்னால் கேட்பது இங்கே சட்ட விஷயமும்கூட. 2004-ல் நிறைவேறிய வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறது. நிலத்துக்காரர் அனுமதியோடு வளை முயலையும் எலியையும் நாய் வைத்துப் பிடிக்கலாம். ஹேர் என்கிற பெரிய காட்டு முயலை நாயை விட்டு விரட்டக் கூடாது. பிரெக்லேண்டில் இரண்டும் ஒரே வயலில் மேயும். அத்துமீறி நுழைந்து ஹேர் விரட்டுகிற கும்பல்களால் விவசாயிகள் படும்பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2022 ஆகஸ்ட் முதல் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள், சிறைத் தண்டனை வரை போகலாம். லர்ச்சரோடு போகிற யாரையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அனுமதிக் கடிதம் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். போன நவம்பரில் ராணி ஒரு முயலை விரட்டும்போது, குறுக்கே ஒரு ஹேர் எழுந்து ஓடியது. ராணி அதன் பின்னால் திரும்பினாள். ஒரே விசில். நாலு பாய்ச்சலில் வேகத்தைக் குறைத்து, நின்று, என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் செவலை இருந்திருந்தால் அடுத்த ஊரில்தான் போய்த் தேடியிருப்பேன்.

புதிதாக வாங்க நினைப்பவர் இரவில் விளக்கோடு போகப்போகிறாரா, பகலில் ஃபெரெட்டோடா, வயல் சின்னதா பெரியதா என்பதை முதலில் முடிவு செய்யட்டும். வேலி நெருக்கமான சின்ன வயலுக்குப் பெட்லிங்டன் விப்பெட் போதும். வெட்டவெளி என்றால் கோலி கலந்த கிரேஹவுண்ட். முடிந்தால் குட்டியின் அப்பா அம்மா வேலை செய்வதை நேரில் போய்ப் பாருங்கள். ஓடுவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், கூப்பிட்டால் வருகிறதா என்றும் பாருங்கள்.

குருவிக்கு இப்போது எட்டு முடிந்துவிட்டது. இடது கண்ணில் லேசாக வெண்மை விழுந்திருக்கிறது. இந்தக் குளிர்காலம் அவளை ஓட விடவில்லை. வளை வளையாக நடந்து மோந்து பார்க்கிறாள், ஒன்றின் முன்னால் காலைத் தூக்கி நிற்கிறாள். நான் வலை போட்டு முடித்ததும் என் பை மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். ராணி நாலடி தள்ளி, அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.