எம்பி5, ஜேவிபிசி, அஸ்மி: யார் கையில் எது இருக்க வேண்டும்?

தலைவர்கள் மேடை ஏறும்போது பின்னால் கருப்பு உடையில் நிற்பவர்களின் கையில் இருக்கும் குட்டையான துப்பாக்கியைப் பலரும் ஏகே-47 என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் ஜெர்மனியின் எம்பி5, பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சப்-மெஷின் கன் வகை. இப்போது அந்த இடத்துக்கு உள்நாட்டிலேயே இரண்டு போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள், ஜேவிபிசி, அஸ்மி என்று. மூன்றையும் வைத்து இணையத்தில் நடக்கும் சண்டையில் எது பவர் அதிகம் என்றுதான் கேட்கிறார்கள். எதிரே யார் நிற்கிறான், என்ன போட்டிருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

முதலில் எம்பி5. ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் உருவாக்கியது, 1966-ல் ஜெர்மன் போலீஸ் கைக்கு வந்தது. 9 மி.மீ. தோட்டா, 30 ரவுண்டு (தோட்டா) கொள்ளும் மேகசின், நிமிடத்துக்கு 800 ரவுண்டு வேகம். ஆனால் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த எண்கள் இல்லை, உள்ளே இருக்கும் போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் துண்டு. நம் ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த ஸ்டெர்லிங் கார்பைனை (ரைஃபிளைவிடக் குட்டையான துப்பாக்கி) எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தினால் பின்னால் நிற்கும் போல்ட் முன்னால் பாய்ந்து வந்த பிறகுதான் தோட்டா வெடிக்கும், அந்தக் கனமான இரும்பு ஓடி வரும் நேரத்திலேயே குறி லேசாக ஆடிவிடும். எம்பி5-ல் போல்ட் முதலிலேயே மூடியபடி இருக்கும், வெடித்த பிறகும் இரண்டு சின்ன உருளைகள் அது பின்வாங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் உதை குறைவு, முதல் குண்டு வைத்த குறியில் போகும். பணயக்கைதி ஒருவர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது அந்த முதல் குண்டுதான் எல்லாமே. 1980 மே 5 அன்று லண்டன் ஈரான் தூதரகத்துக்குள் பணயக்கைதிகளை மீட்க பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை வீரர்கள் இதோடு நுழைந்ததை டிவியில் பார்த்த பிறகு எல்லா நாட்டு அதிரடிப்படையும் இதையே கேட்க ஆரம்பித்தது.

குறை இல்லாமல் இல்லை. கடைசி ரவுண்டு போனதும் போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொள்ளும், விசை வெறுமனே 'டிக்' என்னும்போதுதான் மேகசின் காலி என்றே தெரியும். அப்புறம் குழலுக்கு மேல் உள்ள கைப்பிடியை இடது கையால் இழுத்து, மேலே திருப்பிப் பள்ளத்தில் மாட்டி, பழைய மேகசினை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி, கைப்பிடியை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பழகிய கைக்கு இது நொடிகளில் முடிகிற வேலை, பழகாத கைக்கு இருட்டில் ரொம்ப நேரம்.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது என்எஸ்ஜி என்ற தேசிய பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் கையில் இருந்தது எம்பி5, எதிரே வந்தவர்கள் கையில் ஏகே வகைத் துப்பாக்கிகள். ஒரு அறைக்குள் 9 மி.மீ. போதும். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறவனை எதிர்க்கும்போது ஆட்டம் மாறிவிடும். அதோடு, இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் மென்மையான கவச உடையே வழக்கமான 9 மி.மீ. குண்டை நிறுத்திவிடும்.

இந்தக் குறைக்குப் பதிலாகத்தான் ஜேவிபிசி, அதாவது ஜாயின்ட் வென்ச்சர் புரொடெக்டிவ் கார்பைன். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வுக்குப் புனேயில் உள்ள ஏஆர்டிஇ என்ற ஆயுத ஆய்வகம் வடிவமைத்தது, கான்பூர் தொழிற்சாலையில் செய்கிறார்கள். சுமார் 3 கிலோ எடை, நிமிடத்துக்கு 700 ரவுண்டுக்கு மேல். இது 9 மி.மீ. கிடையாது, 5.56×30 என்ற தனித் தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.-ல்). சிறிய, வேகமான குண்டு, கவசத்தைத் துளைக்க வேண்டும் என்ற நோக்கம். ஐரோப்பாவில் பி90, எம்பி7 என்ற துப்பாக்கிகள் இரண்டும் பிறந்தது இதே யோசனையில்தான். மேகசின் கைப்பிடிக்குள்ளேயே போகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான், இருட்டிலும் ஒரு கை இன்னொரு கையைத் தானாகவே தேடிப் போய்விடும் இல்லையா. ராணுவத்தின் கடைசிக்கட்டச் சோதனை 2020 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே உள்துறை அமைச்சகச் சோதனையில் தேறி, மத்தியப் படைகளும் மாநில போலீஸும் வாங்கத் தொடங்கிவிட்டன.

எனக்கு உறுத்துவது தோட்டாதான். 9 மி.மீ. போலீஸ் ஸ்டேஷன் பிஸ்டலுக்கும் ஆகும், கார்பைனுக்கும் ஆகும், உலகத்தில் எங்கே கேட்டாலும் கிடைக்கும். 5.56×30 அப்படி இல்லை. நம் இன்சாஸ் ரைஃபிளின் 5.56×45 தோட்டா கூட இதில் சேராது. சப்ளை கொஞ்சம் தாமதமானால் முதலில் வெட்டு விழுவது பயிற்சி ரவுண்டுகளில்தான், பயிற்சி இல்லாதவன் கையில் கவசம் துளைக்கும் குண்டு இருந்து என்ன பயன்?

அஸ்மி 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் மாவ் காலாட்படைப் பள்ளியைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் பிரசாத் பன்சோட், ஏஆர்டிஇ-யோடு சேர்ந்து நான்கே மாதத்தில் உருவாக்கினார். 8 அங்குலக் குழல், 9 மி.மீ. தோட்டா, மேல் பகுதி விமானத் தர அலுமினியம், கீழ்ப் பகுதி கார்பன் ஃபைபர், விசைப் பாகங்களில் சில உலோக 3டி பிரிண்டிங்கில் செய்தவை. உற்பத்திச் செலவு ஒன்றுக்கு 50,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று அறிவிப்பின்போதே சொன்னார்கள். 2024-ல் ராணுவத்தின் வடக்கு கமாண்ட் 550 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது, செய்வது ஹைதராபாத்தின் லோகேஷ் மெஷின்ஸ். கவசத்தின் முன் எம்பி5-க்கு உள்ள அதே பலவீனம் இதற்கும் உண்டு, தோட்டா அதேதானே. ஆனால் 9 மி.மீ.-ல் உடலுக்குள் விரிந்து நின்றுவிடும் ஹாலோ பாயின்ட் குண்டு கிடைக்கிறது, சத்தம் குறைக்க ஒலியைவிட மெதுவாகப் போகும் ரவுண்டும் கிடைக்கிறது. பேருந்து நிலையத்திலோ தேர்தல் கூட்டத்திலோ நிற்கும் காவலருக்கு இந்த வசதி பெரிய விஷயம், அங்கே குறிக்குப் பின்னால் சுவர் இருக்காது, ஜனங்கள்தான் இருப்பார்கள்.

அதனால் நான் இப்படித்தான் பிரிப்பேன். காட்டுக்குள் மாவோயிஸ்ட் எதிர்ப்புக்குப் போகும் படைகளில் ஓட்டுநர், ரேடியோ தகவல் தொடர்பு ஆள், மருத்துவ உதவியாளர் போல ரைஃபிளைச் சுமக்க முடியாதவர்களுக்கு ஜேவிபிசி. பணயக்கைதி மீட்புக்கென்றே ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகிய குழுவிடமிருந்து எம்பி5-ஐப் பிடுங்க எனக்கு மனம் வராது, அவர்கள் கை அதற்குப் பழகிவிட்டது. மாநில போலீஸின் விஐபி பாதுகாப்புக்கும் அதிரடிப்படைக்கும் புதிதாக வாங்குவதென்றால் அஸ்மி. மிச்சமாகும் பணத்தை அப்படியே பயிற்சி ரவுண்டில் போட வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் தயக்கம், வயது. எம்பி5 ஐம்பது வருடத்துக்கு மேல் தூசி, மழை, மோசமான பராமரிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டது, அஸ்மி இப்போதுதான் வந்திருக்கிறது. வடக்கு கமாண்டின் அந்த 550-ம் இரண்டு மூன்று பனிக்காலத்தைத் தாண்டட்டும். அதுவரை ஒரு மாநில போலீஸ் இருபது வாங்கி, மே மாத வெயிலில் எண்ணெய் போடாமல் ஆயிரம் ரவுண்டு சுட்டு, எங்கே சிக்குகிறது என்று எழுதி வைத்தாலே போதும்.