கோழி அடைப்புக்குத் தகரக் கூரை: மோல்மீனில் நான்கு மழைக்காலம் கண்ட பிறகு

பர்மாவின் தென்கிழக்கில் உள்ள மோல்மீன், முடோன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அதற்கு முந்தைய இரண்டு மாதமோ தீயாய்க் காயும். வெயிலை மட்டும் நினைத்துப் போட்ட கூரை ஜூனில் தோற்றுப்போகும், மழையை மட்டும் நினைத்துப் போட்டது ஏப்ரலில் கோழியை வேகவைக்கும். இரண்டையும் தாங்கி இன்று வரை நிற்பது, மேலே தகரமும் அடியில் ‘தனி’ ஓலையுமாகப் (இங்கே நிப்பா பனை ஓலைக்குப் பெயர் அது) போட்ட இரட்டைக் கூரைதான். 12 அடிக்கு 8 அடி வலையடைப்பு, பன்னிரண்டு கோழி. அந்தக் கணக்கு இது.

தார்ப்பாயை நிரந்தரக் கூரையாக நம்பவேண்டாம். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நனைந்ததும் நடுவில் தொய்யும். 4 அடிக்கு 4 அடி இடத்தில் 3 அங்குலம் தண்ணீர் தேங்கினாலே 110 கிலோ. கட்டிய கயிறு தாங்கினாலும் அதைக் கோத்த பாயின் கண்ணி பிய்ந்துவிடும். நிழல்வலை மார்ச்சில் மேற்குப் பக்கத் தடுப்புக்கு நல்லது, மழைக்கு உதவாது.

எந்தக் கூரையாக இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது சரிவின் திசை. இங்கே மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. தாழ்ந்த பக்கம் அந்தத் திசையைப் பார்த்து இருந்தால் சாரலும் குறையும், காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்குவதும் குறையும். உயர்ந்த பக்கத் தூண் 7 அடி, தாழ்ந்த பக்கத் தூண் 5 அடி, 8 அடி தூரத்துக்கு 2 அடி இறக்கம். தென்மேற்கில் இறவாரம் 2 அடி நீளவேண்டும், மற்ற மூன்று பக்கமும் 1 அடி போதும். இறவாரத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் அடைப்பில் பாதி சேறாகும்.

12 அடி நீளம், 2½ அடி அகலத் தகடு ஏழு வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு அலை ஏற்றிப் போட்டால் ஒரு தகடு 2 அடிதான் மூடும். குறுக்குச் சட்டம் ஐந்து. தகடு ஒன்றுக்குச் சட்டத்துக்கு மூன்று திருகு என்று 105 வரும், 120 வாங்கி வையுங்கள். திருகு அலையின் முகட்டில்தான் இறங்கவேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடுகிற தண்ணீர் ஓட்டை வழியே உள்ளே வரும். ரப்பர் வாஷர் தகட்டோடு படிந்தால் போதும். பிதுங்கும்வரை முறுக்கினால் அடுத்த கோடையிலேயே வெடித்துவிடும். தகட்டை அறுத்தால் அந்தத் தூளை அன்றே துடைத்து எடுங்கள். அது கிடந்த இடமெல்லாம் துரு பிடிக்கும்.

மூங்கிலை மண்ணில் புதைத்துத் தூணாக்கினால் இரண்டாம் மழையில் தரைமட்டத்தில் சரியாக அறுந்து நிற்கும். தூணுக்கு இரும்புக் குழாய், அடியில் கான்கிரீட். மூங்கில் மேலே சட்டத்துக்கு மட்டும். கணுவை ஒட்டி வெட்டினால் முனை அடைந்திருக்கும். கணுவுக்கு நடுவில் வெட்டினால் அந்தக் குழலில் தண்ணீர் நிற்கும், கொசு வளரும், சிவப்புச் செள்ளு குடியேறும்.

‘தனி’ ஓலையைத் தகரத்துக்கு அடியில் 5 அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். சூடான காற்று அந்த இடைவெளி வழியே உயர்ந்த பக்கம் வெளியேறும், ஆகவே அந்த முனையை அடைக்கக்கூடாது. ஓலை இல்லாத வெறும் தகரத்தின் கீழே நண்பகலில் கோழி சிறகை அகட்டி, வாய் பிளந்து மூச்சிரைப்பதைப் பார்க்கச் சகிக்காது. ஓலை கட்டிய பிறகு அதே நேரத்தில் மண்ணில் புரண்டுகொண்டிருக்கின்றன. மேலே தகரம் இருப்பதால் ஓலை நனைவதில்லை. வெளியில் கிடந்தால் இரண்டு மூன்று வருடத்தில் மக்குவது இங்கே நான்காம் வருடமும் உறுதியாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஓலைக்குள் எலியும் செள்ளும் ஒளியும். மாதம் ஒரு தரம் இருட்டிய பிறகு கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள்ளு வந்துவிட்டது, அந்த ஓலையைக் கழற்றி எரித்துவிடுங்கள்.

கூரை போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்தக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஒரே வரிசையில் விழும். பிளந்த மூங்கில் வாய்க்கால் அதைத் தாங்காது, வழிந்துவிடும். இறவாரத்துக்கு நேர் கீழே 1 அடி அகலம், 9 அங்குல ஆழத்தில் பள்ளம் வெட்டி, உடைத்த செங்கல் நிரப்பி, தெரு வடிகால் பக்கம் சரித்துவிடுங்கள். அடைப்பின் தரை வெளி மண்ணைவிட 6 அங்குலம் உயர்ந்திருக்கட்டும், மேலே நெல் உமி. உமி ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, மாற்றவேண்டும். ஈர உமியில்தான் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருகிறது, அதிலிருந்து எழும் காரமான ஆவி தகரத்தின் அடிப்பக்கத்தையும் அரிக்கும்.

ஏப்ரலில் வரும் திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கி ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். நான்கு வருடத்தில் மாற்றியது பதினான்கு வாஷர், எல்லாம் தென்மேற்கு ஓரத்தில்.