மழையில் போன மூன்று நாள்: தேக்காவா மேக்ஸ்வெல்லா, முஸ்தபாவா பூகிஸா?

டிசம்பரில் சிங்கப்பூருக்கு வர வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பிள்ளைக்கு அப்போதுதான் அரையாண்டு விடுமுறை என்று அண்ணன் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டார், அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு. வடகிழக்குப் பருவமழை அங்கே மட்டுமா பெய்யும்? ஐந்து நாள் பயணத்தில் முதல் மூன்று நாளும் குடைக்குள்ளேயே போயிற்று. சிங்கத் தலையும் மீன் உடலுமாக வாயால் தண்ணீர் பீய்ச்சும் மெர்லயன் சிலையைப் பார்த்துவிட்டு அண்ணன், "இம்புட்டுத்தானாம்மா?" என்றார். அதன் உயரம் 8.6 மீட்டர்தான், படத்தில்தான் கோபுரம் மாதிரி தெரியும். அன்றைக்கு வானத்திலும் தண்ணீர், அதன் வாயிலும் தண்ணீர். கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போனால் மரங்களுக்கு நடுவே தொங்கும் நடைபாலம் மழையால் மூடியிருந்தது. இடி மின்னல் என்றால் இங்கே அப்படித்தான், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இணையத்தில் படம் பார்த்துப் பிடித்த விடுதி அறையில் சன்னல் திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரிந்தது பாருங்கள், அதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது இரண்டு நாள். சாப்பாட்டையும் கடைகளையும் வைத்துத்தான் ஒப்பேற்றியாக வேண்டும். சாப்பாட்டுக்குத் தேக்காவா மேக்ஸ்வெல்லா, கடைக்கு முஸ்தபாவா பூகிஸா என்பதுதான் கேள்வி. இருபது வருஷமாக தோ பாயோவில் குடியிருக்கிறேன், ஊரிலிருந்து வந்தவர்களை அழைத்துப் போய்ப் போய் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ஊரில் கிடைப்பதை இங்கே தின்னவும் கூடாது, வாங்கவும் கூடாது. அப்புறம், மழைக்காலம் என்பதால் கூரைக்குக் கீழேயே முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

முதலில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா. தேக்கு மரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை (அண்ணன் அப்படித்தான் நினைத்திருந்தார்). மூங்கிலின் அடிவாரம் என்ற பொருளில் வரும் ஹொக்கியன் சீனச் சொல் அது. இப்போதிருக்கும் தேக்கா நிலையம் 1982இல் திறந்த கட்டடம். கீழே மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தையும், சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் உணவங்காடியும், மேலே சேலை, சுடிதார், தையல் கடைகள். நம்மூர் ஆட்கள் அங்கே முதலில் செய்யும் தப்பு, தோசைக் கடை வரிசையில் போய் நிற்பது. அண்ணியும் நின்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அங்கே கேட்க வேண்டியது இந்தியன் ரோஜாக். கண்ணாடிப் பெட்டிக்குள் இறால் வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), மாவில் தோய்த்துப் பொரித்த முட்டை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக் கொடுத்தால், சூடாக்கித் துண்டு போட்டு, இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்போடு தருவார்கள். கூடவே வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சை மிளகாய். பெயரில்தான் இந்தியா, ஊரில் எங்கே தேடினாலும் இது அகப்படாது. மீ கோரெங்கும் அப்படித்தான்: சீனருடைய மஞ்சள் நூடுல்ஸ், மலாய்ப் பெயர், தமிழ் முஸ்லிம் கைப்பக்குவம். அண்ணன் மகள், அதாவது என் மருமகள், முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள், இரண்டாவது வாய்க்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அங்கே கிடைத்த இன்னொரு அதிசயம், காலி மேசையில் கிடந்த டிஷ்யூ பொட்டலம். "அத்தை, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் கொடுக்கப் போனாள். ஓடிப்போய்த் திரும்ப வைக்கச் சொன்னேன். ஊரில் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலையை இங்கே டிஷ்யூ செய்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதையும் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2021 முதல் அது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

இதற்குப் போட்டி மேக்ஸ்வெல் உணவங்காடி. 2022 நவம்பரில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் அதே பெயரில் நிலையம் வந்த பிறகு அதிகம் நனையாமல் போகலாம். அங்கே போவது கோழிச்சோற்றுக்காக. வேகவைத்த கோழி, அந்த வெந்நீரிலும் கோழிக்கொழுப்பிலும் இஞ்சி பூண்டோடு வெந்த சோறு, பக்கத்தில் மிளகாய்ச் சாந்து. வெளுத்துப்போன கோழியைப் பார்த்து அண்ணன், "வெந்துருக்கா இது?" என்று சந்தேகப்பட்டார். மிளகாய்ச் சாந்தைத் தொட்டு ஒரு வாய் வைத்ததும் பேச்சே இல்லை, இன்னொரு தட்டு வாங்கி வந்தார். அண்ணிக்குத்தான் சங்கடம். பக்கத்துக் கடைகளில் பன்றி இறைச்சி தொங்குகிறது, வெள்ளிக்கிழமை என்பதால் அவருக்குச் சைவம் வேண்டும், தேடித் தேடி கடைசியில் பப்பாளித் துண்டுகளோடு உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827இல் எழுந்த கோயில், சைனாடவுன் நடுவில் நிற்கிறது. அண்ணியின் முகம் அங்கே போன பிறகுதான் தெளிந்தது.

ஆகவே வீட்டில் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சைவம், ஹலால், சின்னப் பிள்ளைகள் என்று கலவையாக வந்தால் தேக்காதான், யோசிக்கவே வேண்டாம். எதையும் ருசி பார்க்கத் துணிந்த வாய் என்றால் மேக்ஸ்வெல். சுவை ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால் என் ஓட்டும் அண்ணனோடுதான், அண்ணி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன். லாவ் பா சாட் என்ற பழைய உணவங்காடியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1894ஆம் ஆண்டின் வார்ப்பிரும்புக் கூரை அழகுதான், ஆனால் அதன் பெருமையே சாயங்காலம் வெளித்தெருவில் போடும் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) கடைகள். மழையில் அதற்கு வழியில்லை.

காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு, மீன் தலைக்கறியோடு. 1949இல் கேரளத்துக்காரரான எம். ஜே. கோமஸ் சிங்கப்பூரில் தொடங்கி வைத்த கறி அது. மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக நம் குழம்பில் தலையை முழுசாகப் போட்டார். நாங்கள் நாலு பேர் ஒரு தலையைக் காலி செய்ய முடியாமல் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வந்தோம். உணவகங்களில் பெரும்பாலும் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் ஏறும், பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

கடைகளுக்கு வருவோம். முஸ்தபா என்ற பெரிய பல்பொருள் கடை முன்பெல்லாம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அப்படியில்லை, ஆனாலும் நள்ளிரவு தாண்டித்தான் மூடுகிறார்கள். வேலை நாளில் காலை திறந்ததும் போய்விடுங்கள். ஞாயிறு மாலை வேண்டாம். வாரம் முழுக்க உழைக்கும் ஊழியர்கள் சிராங்கூன் சாலையில் நண்பர்களைப் பார்க்கும் பொழுது அது, தெருவே அவர்களுடையது. அண்ணி உள்ளே போனதும் நேராக எவர்சில்வர் தூக்குச் சட்டியை எடுத்தார். திருப்பிப் பார்த்தேன், இந்தியத் தயாரிப்பு. "இதை விமானத்துல ஏத்தி இறக்கி மறுபடி ஏத்தணுமா அண்ணி?" என்றதும் வைத்துவிட்டார். கோடாலித் தைலம், டைகர் பாம், காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த ஜாம்), சாக்லெட், சென்ட்டு: முஸ்தபாவில் இவைதான் லாபம். கோடாலித் தைலம் சிங்கப்பூர்ச் சரக்கு, ஊரில் பாட்டிமார் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு டஜன் போட்டோம்.

பூகிஸ் தெருக் கடைகள் மருமகளுக்காக. லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் தடத்தில் இரண்டே நிறுத்தம், மேலே கூரையும் உண்டு. டி-சட்டை, சாவிக்கொத்து, கைப்பேசி உறை என்று பத்து வெள்ளிக்குள் கை நிறையும். தரம் அவ்வளவுதான், சட்டை ஒரு துவைப்பு தாங்கினால் அதிர்ஷ்டம். ஆனால் மூன்று நாளாக உம்மென்று இருந்த பிள்ளை முதல்முறை சிரித்த இடம் அது. அந்தக் கணக்கில் பூகிஸ் ஜெயித்தது.

முஸ்தபாவுக்குக் கூடுதல் பலம் வரித் திருப்பம். சுற்றுலாப் பயணி 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் ஜிஎஸ்டியில், கட்டணம் கழித்து, மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். என்னைப் போன்ற இங்குள்ளவர் பெயரில் வாங்கினால் ஒன்றும் வராது. சிராங்கூன் சாலையில் 916 நகைக்கும் இதே கணக்குத்தான். அண்ணி ஒரு ஜோடித் தோட்டோடு நிறுத்திக்கொண்டார், ஊர்ச் சுங்கத்துக்குப் பயந்து.

திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் ஒரு விஷயம் முக்கியம். பெட்டியில் போகும் சரக்குக்கு, பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே வரித் திருப்பத்துக்குப் பதிய வேண்டும், சரக்கைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். அதையெல்லாம் அண்ணன் ஒழுங்காகச் செய்தார். காயா பாட்டில்கள் இரண்டை மட்டும் அண்ணி கைப்பையில் வைத்திருந்தார். 100 மில்லிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள் என்று நான் சொல்வதற்குள் பெட்டி போய்விட்டது. ஒன்று இப்போது என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றை விமான நிலையத்திலேயே ரொட்டி வாங்கி, நாலு பேரும் நின்றபடியே தொட்டுத் தின்றுவிட்டோம்.