மொட்டைமாடி விசேஷத்துக்கு நியாஷ் ஒலி அளவிச் செயலி

காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் என்று வீட்டில் பாக்ஸ் கட்டுகிறவர்கள், விருந்தினர் வருமுன் ஒருமுறை சத்தத்தை அளந்துவிடுவது நல்லது. இலவசமாகக் கிடைப்பவற்றில் நம்பிப் பயன்படுத்தக்கூடியது நியாஷ் சவுண்ட் லெவல் மீட்டர். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட செயலி. பிழை ±2 டெசிபலுக்குள் என்கிறார்கள். ஐபோனில் மட்டுமே ஓடும் என்பது பெரிய குறை. ஆண்ட்ராய்டு போன்களின் மைக் ஆளுக்கொரு ரகமாக இருப்பதால் அதற்கு வெளியிடவில்லை.

எந்த எண்ணோடு ஒப்பிடுவது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சொந்த இடத்தில் வைக்கும் ஒலிக்கருவி, அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபல்தான் கூடலாம். ஆக, பகலில் உங்கள் மதில் ஓரத்தில் 60. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை மொட்டைமாடியில் ஒலிபெருக்கியே கூடாது; 59 காட்டுகிறது என்று வாதாட இடமில்லை.

அளக்கும்போது போன் உறையைக் கழற்றுங்கள். அமைப்பில் ‘ஏ’ எடையிடல் (காதுக்குக் கேட்கும் விதத்தில் அளவைத் திருத்தும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். மதில் ஓரத்தில், சுவரில் ஒட்டாமல், நெஞ்சு உயரத்தில் பிடித்து, பாட்டு ஓடும்போது ஐந்து நிமிடம் பதியுங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் பெரிய எண்ணை விடுங்கள், ‘எல்.ஏ.இகியூ’ என்ற சராசரிதான் விதி பேசும் அளவு. ‘டோஸ்’ என்பது தொழிலாளியின் காதுக்கான கணக்கு, இங்கே பயனில்லை. காற்று மைக்கில் அடித்தால் அளவு பொய்யாக ஏறும்.

பாக்ஸை அணைத்தும் ஒருமுறை அளக்க வேண்டும். பலர் இதைத்தான் விடுகிறார்கள். அணைத்தபோது 57, போட்டபோது 60 என்றால் பாக்ஸின் பங்கு 57தான். மீதி தெருச் சத்தம். வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டினால் முழுக்க உங்கள் பாட்டு.

அளந்து பார்த்தால் 60 எவ்வளவு குறைவு என்பது உறைக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 தரும் பாக்ஸ் 8 மீட்டரில் 72, 32 மீட்டரில்தான் 60. நம் மாடிகளில் 32 மீட்டர் எங்கே இருக்கிறது? ஒரு பெரிய பாக்ஸுக்குப் பதில் நான்கு சின்ன பாக்ஸ்களை விருந்தினர் பக்கத்திலேயே, முகம் உள்நோக்கி வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டுவதே வழி.

செயலி ஏமாற்றும் இடம் பேஸ், அதாவது ‘தும் தும்’ என்று அதிரும் தாழ்ந்த ஒலி. அந்த வகையான 63 ஹெர்ட்ஸ் ஒலியில் ‘ஏ’ எடையிடல் 26 டெசிபலைக் கழித்துவிடும். எண் சரியாக இருக்கும், கீழ்வீட்டுக் குழந்தை தூங்காது. பேஸை அவ்வளவு கழிக்காத ‘சி’ எடையிடலுக்கு மாற்றி அதே இடத்தில் அளந்து பாருங்கள். ‘ஏ’ அளவைவிட 15 டெசிபலுக்கு மேல் கூடினால் பேஸ் தரும் சப்-ஊஃபரைக் குறையுங்கள். தரையில் நேராக வைக்காமல் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழே இறங்குவது குறையும்.