ஸ்டாச்சூவா, லைக்னஸா, ஐடலா? உருவத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் எது எங்கே பொருந்தும்

தமிழில் படம், உருவம், சிலை என்று வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் ஒரு டஜன் சொற்கள் நிற்கின்றன. துணைப்பாட வகுப்புகளில் இவற்றை ஒரே பொருள்கொண்ட சொற்கள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒவ்வொரு சொல்லும் உருவத்தைப் பற்றி வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. நம் சிங்கப்பூரில் தினமும் கடந்துபோகும் உருவங்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ், எம்பிரஸ் பிளேஸில் வெண்கலச் சிலையாகக் கைகட்டி நிற்கிறார்; அவரை எடுத்துக்கொள்வோம். ஸ்டாச்சூ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். லைக்னஸ் என்று சொல்லலாமா? ராஃபிள்ஸ் இறந்தது 1826இல். அதைச் செய்த சிற்பி தாமஸ் வூல்னர் பிறந்ததே 1825இல்தான். சிலை 1887இல் பாடாங் திடலில் திறக்கப்பட்டு, 1919இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஆளை நேரில் பார்க்காதவர் செய்த உருவம் அது. ஸ்டாச்சூ என்பது பொருளைச் சொல்கிறது: முப்பரிமாணத்தில், கல், உலோகம் போன்றவற்றில் செய்தது. லைக்னஸ் சொல்வது சாயலை. 'எ குட் லைக்னஸ்' என்றால் அச்சு அசலாக அவரைப்போலவே இருக்கிறது என்று அர்த்தம். சிலையை முழுசாகப் பாராட்டிவிட்டு, லைக்னஸ் சரியில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2019 ஜனவரியில் ஆற்றங்கரையில் இருக்கும் வெள்ளை ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் சாங் நீல உத்தமா, டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை என நால்வர் சிலைகளை வைத்தார்கள். சாங் நீல உத்தமாவின் முகத்தை இன்று யாரும் அறிய வழியில்லை. அவர் மலாய் வரலாற்றுக் கதைகளில் வரும் இளவரசர். அங்கே லைக்னஸ் என்று எழுதினால் தவறு. ரெப்ரசன்டேஷன்தான் சரி. அந்தச் சொல் 'இவரைப்போல இருக்கிறது' என்று சாதிக்காது, 'இவருக்காக நிற்கிறது' என்று மட்டும் சொல்லும். 1988இல், பலர் ஓர் அணியாகச் சேர்ந்து தேர்தலில் நிற்கும் குழுத்தொகுதி முறை வந்தபோது அதன் ஆங்கிலப் பெயரில் வைத்ததும் இதே சொல்தான். ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்ற விதி, ஒருவர் பலருக்காக நிற்பது பற்றியது. சிலையும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே சொல்லுக்குள் வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அப்புறம், நமக்கு மனசுக்கு நெருக்கமான இடம், கோயில். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வெளிநாட்டு நண்பரை அழைத்துப்போனால் நம் வாயில் முதலில் வருவது ஐடல். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஆங்கில பைபிள் மரபில் ஐடல் என்பது பொய்த்தெய்வம். அந்தக் கறை இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது. நம் அம்மனை நாமே அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் என்ன? கருவறையில் இருக்கும் மூலவரை டெய்ட்டி, அதாவது தெய்வம், என்று சொல்லலாம். ஊர்வலம் போகும் உற்சவரைப் பற்றி எழுதும்போது இமேஜ் என்பது கலை வரலாற்றில் பழகிப்போன, மரியாதை குறையாத சொல். மூர்த்தி என்றே எழுதுவதும் இப்போது ஆங்கிலத்தில் புழங்குகிறது. என் ஓட்டு அதற்குத்தான். கோபுரத்துச் சுதை உருவங்களையும் சிலர் ஐடல் என்று எழுதுகிறார்கள். அவற்றுக்குத் தனித்தனியே பூசை நடப்பதில்லையே! ஸ்கல்ப்சர் அல்லது ஃபிகர் போதும்.

எஃபிஜி என்றதும் நமக்குக் கொடும்பாவிதான் ஞாபகம் வரும். எரிப்பது அதில் ஒரு வகை மட்டுமே. இங்கிலாந்துத் தேவாலயக் கல்லறைகளின்மேல் படுத்திருக்கும் கல் உருவமும் எஃபிஜிதான், அந்நாட்டு நாணயத்தில் இருக்கும் அரசரின் தலையும் எஃபிஜிதான். அதுவே பண நோட்டு என்றால் போர்ட்ரெயிட், அதாவது ஒருவரின் முகத்தைக் காட்டும் படம். 1999 முதல் நம் வெள்ளி நோட்டுகளில் இருக்கும் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம் போர்ட்ரெயிட். அந்த நோட்டு வரிசைக்குப் பெயரே அதுதான்.

ஐகான், எம்பிளம் இரண்டுக்கும் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் ஒன்றே போதும். 1964இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக வரையப்பட்டபோது அது எம்பிளம். 1972இல் 8.6 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கக்கத் தொடங்கியபோது ஸ்டாச்சூ. உலகம் அதைப் பார்த்ததும் சிங்கப்பூர் என்று அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் ஐகான். புதிதாகத் திறந்த கட்டடத்தை மறுநாளே ஐகான் என்று எழுதுவது அவசரம்.

பிக்சர், இமேஜ் இரண்டில் பள்ளிக் கட்டுரைக்கு பிக்சரே நல்லது. இமேஜ் மனத்தில் தோன்றுவதையும் குறிக்கும், ஒருவருக்கு ஊரில் இருக்கும் பெயரையும் குறிக்கும். சின்னப் பிள்ளை எழுதினால் வாக்கியம் எங்கோ போய்விடும்.

லைக்னஸ் பழைய சொல் என்று ஒதுக்கியவர்கள் இப்போது அதைத் திரும்ப எடுக்கவேண்டும். தேர்தல் காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல மின்னியல் முறையில் உருவாக்கும் போலிக் காணொளிகளைத் தடைசெய்து, 2024 அக்டோபரில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அங்கே யாரும் ஒரு புகைப்படத்தைத் திருடவில்லை. திருடுவது முகச்சாயலையும் குரலையும். அதற்கு போர்ட்ரெயிட் பொருந்தாது, பிக்சர் போதாது.

தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளைக்கு பிக்சர், போர்ட்ரெயிட், ஸ்டாச்சூ மூன்றும் கைவந்தால் போதும். லைக்னஸையும் ரெப்ரசன்டேஷனையும் உயர்நிலைக்குப் போனதும், ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுங்கள்.